'வரை' என்ற சொல் எங்கே போயிற்று?

2004-ஆம் ஆண்டில் ஒருவர் மாருதி ஜென் கார் வாங்கினார். லிட்டருக்கு 16 முதல் 18 கிலோமீட்டர் ஓடும் என்ற விளம்பரத்தை நம்பி வாங்கினார். ஓட்டிப் பார்த்தபோது கிடைத்ததோ சராசரியாக 10.2 கிலோமீட்டர். மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் அவர் தொடுத்த வழக்கு, மாநில ஆணையத்தைக் கடந்து, தில்லியில் உள்ள தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 2024 ஜனவரியில்தான் முடிவுக்கு வந்தது. விளம்பரம் வாங்குபவரைத் தவறாக வழிநடத்தியது என்பதை ஏற்று, அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்ற உத்தரவை ஆணையம் உறுதி செய்தது. ஓர் எண்ணுக்காக இருபது ஆண்டுகள்!

இருந்தாலும் அந்த மனிதருக்கு ஒரு வசதி இருந்தது. அவரை ஏமாற்றிய எண் விளம்பரத்தில் இருந்தது. விளம்பரம் என்றால் அதற்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. அவர்மீது வழக்குத் தொடரலாம். இன்று கார் வாங்க முனையும் குடும்பம் விளம்பரத்தைப் பார்த்து மயங்குவதில்லை. இணையத்தில் வரும் கார் செய்திகளையும், ஓட்டிப் பார்த்து எழுதப்படும் மதிப்புரைகளையும், அரைமணி நேரக் காணொலிகளையும் பார்த்த பிறகே ஷோரூமுக்குப் போகிறது. அங்கே விற்பனையாளர் வாயைத் திறப்பதற்கு முன்பே பாதி முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. 2024-25 நிதியாண்டில் நாட்டில் விற்பனையான பயணிகள் வாகனங்கள் ஏறத்தாழ 43 லட்சம். வீட்டுக்கு அடுத்தபடியாக ஒரு நடுத்தரக் குடும்பம் செய்யும் பெரிய செலவு இது. பெரும்பாலும் ஐந்து ஆண்டு, ஏழு ஆண்டுக் கடனில் செய்யும் செலவு.

இந்த முடிவுக்கு ஆதாரமாக நிற்கும் எழுத்தின் சொற்கள் எவ்வளவு நம்பத்தக்கவை என்பதே கேள்வி.

விந்தையான ஒன்று நடந்திருக்கிறது. சட்டத்தின் அச்சத்தால் கார் நிறுவனங்களின் விளம்பரங்கள் ஓரளவுக்கேனும் எச்சரிக்கையாகப் பேசத் தொடங்கிவிட்டன. ஒவ்வோர் எண்ணின் தலையிலும் ஒரு நட்சத்திரக் குறி. அடியில் பொடி எழுத்தில் ஒரு விளக்கம். "சோதனைச் சூழலில்", "வரை", "குறிப்பிட்ட வகையில் மட்டும்", "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்றெல்லாம் அந்தப் பொடி எழுத்து சொல்கிறது. அதே எண் செய்தியாக மாறும்போது நட்சத்திரக் குறி உதிர்ந்துவிடுகிறது. பொடி எழுத்தும் காணாமல் போகிறது. விளம்பரத்தில் நிறுவனத்தின் கூற்றாக இருந்தது, செய்தியில் உலக உண்மையாக ஆகிவிடுகிறது. விளம்பரத்தைவிடச் செய்தி அதிகமாக மிகைப்படுத்தும் ஒரு துறை இதழியலில் உண்டென்றால் அது இதுதான்.

'வரை' என்ற சிறு சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். நிறுவனத்தின் ஆங்கில அறிக்கை "இத்தனை கிலோமீட்டர் வரை" என்று சொல்லும். அது உச்ச வரம்பு. அதற்குக் கீழே எதுவும் கிடைக்கலாம் என்பதே அதன் பொருள். செய்தித் தலைப்பில் இடம் குறைவு. முதலில் பலியாவது 'வரை'. அடுத்து, "என நிறுவனம் கூறுகிறது" என்ற வினைமுற்று பலியாகிறது. மிஞ்சுவது "லிட்டருக்கு 28 கி.மீ. தரும் புதிய கார்" என்பது போன்ற ஒரு வாக்கியம். யார் சொன்னார், எங்கே அளந்தார், எப்படி அளந்தார் என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்த வாக்கியத்தில் பதில் கிடையாது. ஆங்கிலத்திலிருந்து அவசரமாகப் பெயர்க்கப்படும் தமிழ், இந்திச் செய்திகளில் இந்த இழப்பு இன்னும் கூடுதல்.

அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதை அறிந்தால் 'வரை'யின் அருமை விளங்கும். புனேயில் உள்ள இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கம், அதாவது ஏ.ஆர்.ஏ.ஐ., போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் இந்தச் சோதனையை நடத்திச் சான்று அளிக்கின்றன. தில்லியை அடுத்த மானேசரிலும் சென்னைக்கு அருகே ஒரகடத்திலும் இத்தகைய சோதனை மையங்கள் உண்டு. கார் சாலையில் ஓட்டப்படுவதில்லை. ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மீது நிறுத்தப்பட்டு, சக்கரங்கள் மட்டும் சுழல, வரையறுக்கப்பட்ட ஓர் ஓட்டுமுறைப்படி சுமார் இருபது நிமிடம் இயக்கப்படுகிறது. நகர ஓட்டம், நகருக்கு வெளியே ஓட்டம் என அதில் இரு பகுதிகள். உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். குளிர்சாதனம் அணைக்கப்பட்ட நிலையிலேயே நெடுங்காலமாக இந்த அளவீடு நடந்து வந்திருக்கிறது. மே மாதத்துத் தில்லியில், ஐ.டி.ஓ. சந்திப்பில், குளிர்சாதனத்தை அணைத்துவிட்டு ஓட்டுபவர் யார்?

சோதனை மோசடியன்று. ஒரே முறையில் எல்லாக் கார்களையும் அளந்தால்தான் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட முடியும். அந்த எண்ணின் பயன் ஒப்பீடு. இந்தக் கார் அந்தக் காரைவிடச் சிக்கனமானது என்று அது சொல்லும். உங்கள் வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் போய்வர எவ்வளவு பெட்ரோல் ஆகும் என்று சொல்லாது. இந்த வேறுபாட்டை விளக்குவதுதான் செய்தியாளரின் வேலை. அதை விளக்காமல் எண்ணை மட்டும் எடுத்துப் போட்டால், ஒப்பீட்டுக்காகச் செய்யப்பட்ட எண் வாக்குறுதியாகப் படிக்கப்படும். கேரளத்தின் திருச்சூரில் ஃபோர்டு டீசல் கார் ஒன்றை லிட்டருக்கு 32 கிலோமீட்டர் என்ற எண்ணை நம்பி வாங்கியவருக்கு, பரிசோதனையில் சுமார் 20 கிலோமீட்டரே கிடைத்தது. மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2022-இல் அவருக்கு மொத்தம் 3.10 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது.

மின்சார கார் வந்த பிறகு இந்தச் சிக்கல் கடுமையாகிவிட்டது. பெட்ரோல் கார் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக ஓடினால் நட்டம் பணத்தோடு போகும். வழியில் பங்க் இருக்கும். மின்சார கார் குறைவாக ஓடினால் பயணமே நின்றுவிடும். தில்லி அரசு 2021 மார்ச் முதல் தேதியன்று எடுத்த முடிவு பலருக்கு நினைவிருக்கலாம். டாடா நெக்ஸான் மின்சார கார் ஒரு முறை மின்னேற்றினால் 312 கிலோமீட்டர் ஓடும் என்பது சான்றளிக்கப்பட்ட எண். அந்தத் தூரம் கிடைக்கவில்லை என்று சில உரிமையாளர்கள் புகார் செய்தனர். அந்தக் காருக்கு வழங்கப்பட்டு வந்த மானியத்தை, குழுவின் அறிக்கை வரும்வரை நிறுத்தி வைப்பதாகப் போக்குவரத்து அமைச்சர் கைலாஷ் கெலாட் அறிவித்தார். பேட்டரித் திறனின் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் 10,000 ரூபாய் வீதம், அதிக அளவாக ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கிடைத்து வந்த மானியம் அது. அரசு அமைப்பு சான்றளித்த எண்ணைத்தான் சொன்னோம் என்றது நிறுவனம். அதே மாதத்தில் தில்லி உயர் நீதிமன்றம் அரசின் உத்தரவுக்கு இடைக்காலத் தடை விதித்தது.

இந்த வழக்கில் யார் பொய் சொன்னார்கள்? நிறுவனம் சான்றில் இருந்ததைச் சொன்னது. சான்று அளித்த அமைப்பு விதியில் இருந்தபடி அளந்தது. உரிமையாளர் தம் காரில் கண்டதைச் சொன்னார். மூவரும் உண்மையே பேசியும் ஒருவர் ஏமாந்தார் என்றால், இந்த மூவருக்கும் இடையே நின்று விளக்க வேண்டிய நான்காமவர் தம் பணியைச் செய்யவில்லை என்றுதான் பொருள். 312 என்ற எண் 2020-இல் அந்தக் கார் அறிமுகமானபோது வெளியான தலைப்புகளில் எப்படி நின்றது என்பதை எண்ணிப் பார்த்தால் போதும்.

அதே நிறுவனம் 2024 ஆகஸ்டில் கர்வ் என்ற மின்சார காரை அறிமுகம் செய்தபோது, பெரிய பேட்டரி கொண்ட வகைக்கு மூன்று எண்கள் உலவின. நகர ஓட்டப் பகுதியை மட்டும் வைத்து அளந்தால் 585 கிலோமீட்டர். நகரம், நெடுஞ்சாலை இரண்டையும் சேர்த்து அளந்தால் 502 கிலோமீட்டர். வாடிக்கையாளர்களுக்கு நடைமுறையில் கிடைக்கக்கூடியது என்று நிறுவனமே மதிப்பிட்டுச் சொன்னது 400 முதல் 425 கிலோமீட்டர். கார் ஒன்று, பேட்டரி ஒன்று, எண்கள் மூன்று! நடைமுறை மதிப்பை நிறுவனமே முன்வந்து சொன்னது பாராட்டுக்குரியது. ஆனால் தலைப்புக்குப் போன எண் எது? கவர்ச்சி மிகுந்த 585 பல இடங்களில் தலைப்பில் ஏறியது. 400 எங்கோ ஏழாவது பத்தியில், அதுவும் சில இடங்களில் மட்டும். தில்லியிலிருந்து ஜெய்ப்பூருக்கும் அங்கிருந்து திரும்பி வரவும் சுமார் 550 கிலோமீட்டர். முதல் எண்ணை நம்பியவர் வழியில் மின்னேற்றாமல் போய்த் திரும்பலாம் என்று கணக்குப் போடுவார். மூன்றாவது எண்ணை அறிந்தவர் போடமாட்டார்.

விலைக்கு வருவோம். எக்ஸ்-ஷோரூம் விலை என்பது கடைக் கதவைத் தாண்டும் முன் இருக்கும் விலை. சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு எதுவும் அதில் சேராது என்பது இப்போது பெரும்பாலோருக்குத் தெரியும். தெரிந்தும் ஏமாறும் இடம் வேறு. "7 லட்சம் ரூபாய் முதல்" என்று தொடங்கும் வாக்கியம், ஆறு ஏர்பேக், திறந்து மூடும் கூரை, நாலாபுறமும் காட்டும் கேமரா என்று முடியும். விலை அடிமட்ட வகைக்கு உரியது. வசதிகள் உச்ச வகைக்கு உரியவை. ஒரே வாக்கியத்தில் இரண்டு கார்கள் இருக்கின்றன. படிப்பவர் ஒன்றைத்தான் பார்க்கிறார். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதே இதன் கெட்டிக்காரத்தனம்.

2024 செப்டம்பரில் எம்.ஜி. வின்ட்சர் மின்சார கார் 9.99 லட்சம் ரூபாய் என்ற அறிவிப்போடு வந்தது. அந்த விலையில் பேட்டரி சேரவில்லை. பேட்டரிக்குத் தனியாகக் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் வாடகை. பேட்டரியையும் சேர்த்து வாங்கினால் 13.50 லட்சத்திலிருந்து விலை தொடங்கும் என்பது பிறகே அறிவிக்கப்பட்டது. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு வாடகை மட்டும் 52,500 ரூபாய், மின்கட்டணம் வேறு. இந்த ஏற்பாடு சிலருக்கு இலாபமாகவும் இருக்கலாம். முதலீடு குறைகிறது அல்லவா! ஆனால் "10 லட்சத்துக்குள் மின்சார கார்" என்று தலைப்பிடுவது, அடுப்பின் விலையைச் சொல்லி சிலிண்டரை மறைப்பதற்கு ஒப்பாகும். நிறுவனம் தன் அறிவிப்பில் வாடகையையும் சேர்த்தே சொல்லியிருந்தது. அதைத் தலைப்பிலிருந்து கழற்றியவர்கள் செய்தி எழுதியவர்கள்.

சொற்களில் மிகவும் அலைக்கழிக்கப்பட்ட சொல் எஸ்.யு.வி. கரடுமுரடான நிலத்தில் ஓட வல்ல, நான்கு சக்கரங்களுக்கும் இயக்கம் செல்லும், உறுதியான வண்டி என்பதுதான் அதன் பழைய பொருள். இன்று சற்றே உயர்த்திக் கட்டிய சிறு கார்களும், முன்சக்கரங்கள் மட்டுமே இயங்கும் நகர வண்டிகளும் குட்டி எஸ்.யு.வி., நுண் எஸ்.யு.வி. என்று பெயர் பெறுகின்றன. நிறுவனம் எந்தப் பெயரைச் சூட்டுகிறதோ அதையே செய்தியும் சூட்டுகிறது. இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். ஜி.எஸ்.டி. கவுன்சிலைக் கேட்டால் தெரியும்.

பெரிய கார்களுக்கு 28 விழுக்காடு வரியின்மேல் 20 விழுக்காடு கூடுதல் தீர்வை; எஸ்.யு.வி.க்கோ 22 விழுக்காடு. எது எஸ்.யு.வி. என்பதற்கு 2022 டிசம்பரில் கவுன்சில் நான்கு அடையாளங்களைச் சொன்னது. எஞ்சின் 1,500 சி.சி.க்கு மேல்; நீளம் 4,000 மில்லிமீட்டருக்கு மேல்; தரையிலிருந்து உயரம் 170 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல். நான்காவது அடையாளம்தான் வேடிக்கை: அந்த வண்டி எஸ்.யு.வி. என்று பரவலாக அறியப்பட வேண்டும்! பெயரே வரிக்கு நிபந்தனை. அப்படியானால், விற்கும்போது எஸ்.யு.வி., வரி கட்டும்போது வேறு பெயர் என்ற வாய்ப்பு திறந்துவிடுகிறது. 2023 ஜூலையில் கூடிய 50-ஆவது கூட்டத்தில், என்ன பெயரால் அழைக்கப்பட்டாலும் மற்ற மூன்று அளவுகளும் பொருந்தினால் 22 விழுக்காடு என்று கவுன்சில் திருத்தியது. 2025 செப்டம்பர் 22 முதல் கார்களுக்கான அந்தக் கூடுதல் தீர்வையே போய், சிறு கார்களுக்கு 18 விழுக்காடு, மற்றவற்றுக்கு 40 விழுக்காடு என்றாகிவிட்டது. இப்போது அளவுகோல் எஞ்சினும் நீளமும்தான். விற்பனைத் துறை உருவாக்கிய ஒரு சொல்லை நம்பிச் சட்டம் எழுதி, ஏழே மாதத்தில் அரசு அந்தச் சொல்லைக் கைவிட நேர்ந்தது. அரசே கைவிட்ட சொல்லைக் கார் செய்திகள் இன்னும் கைவிடவில்லை.

ஹைப்ரிட் என்ற சொல்லின் கதையும் இதைப் போன்றதே. மின்மோட்டாரால் மட்டும் சற்றுத் தூரமேனும் ஓடக்கூடிய வண்டியும், எஞ்சினுக்குச் சிறு துணையாக மட்டும் மின்கலம் பொருத்திய வண்டியும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டன. 2015-இல் தொடங்கிய ஃபேம் திட்டத்தில் இரண்டுக்கும் மானியம் கிடைத்தது. 2017 ஏப்ரலில் இரண்டாவது வகையை மத்திய அரசு நீக்கியது. "தானே மின்னேற்றிக்கொள்ளும் கார்" என்று இன்னொரு தொடர் உண்டு. அந்த மின்சாரம் வானத்திலிருந்து வருவதன்று, பெட்ரோலிலிருந்துதான் வருகிறது. நார்வே நாட்டு நுகர்வோர் அமைப்பு 2020-இல் லெக்சஸ் விளம்பரத்தில் இந்தத் தொடர் மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று தீர்ப்பளித்தது. இந்தியாவில் அதே தொடர் செய்தித் தலைப்பாகவே உலவுகிறது.

இவையெல்லாம் பணத்தோடு முடிபவை. உயிரோடு விளையாடும் சொற்கள் வேறு இருக்கின்றன. நாட்டின் சாலைகளில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 1,68,491 பேர் மாண்டனர் என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்கப்பட்ட ஐந்து சிறிய கார்களின் அடிமட்ட வகைகளை மோதவிட்டுச் சோதித்தது. ஆல்ட்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ ஆகிய ஐந்துக்கும் பூஜ்ய நட்சத்திரம். ஒன்றிலும் ஏர்பேக் இல்லை. அதற்குப் பிறகுதான் "எத்தனை ஸ்டார்?" என்று கேட்கும் பழக்கம் இந்திய வாடிக்கையாளரிடம் வந்தது. இது நல்ல பழக்கம். 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்ற சொந்தச் சோதனை முறையும் நடைமுறைக்கு வந்துவிட்டது.

ஆனால் ஸ்டார் என்பது ஒற்றை எண்ணன்று. பெரியவர்களுக்கு ஒரு மதிப்பீடு, குழந்தைகளுக்கு ஒரு மதிப்பீடு என இரண்டு உண்டு. 2022 டிசம்பரில் மஹிந்திரா ஸ்கார்ப்பியோ-என் பெரியவர்கள் பாதுகாப்பில் 5 நட்சத்திரமும், குழந்தைகள் பாதுகாப்பில் 3 நட்சத்திரமும் பெற்றது. தலைப்புகளில் 5 மட்டுமே நின்றது. 2023 ஏப்ரலில் ஆல்ட்டோ கே10 பெரியவர்களுக்கு 2, குழந்தைகளுக்குப் பூஜ்யம் பெற்றது. "2 ஸ்டார் பெற்ற கார்" என்று படித்து, பின்னிருக்கையில் குழந்தையை வைத்து ஓட்டும் தந்தைக்கு எந்த எண் முக்கியம்?

யார் அளந்தார், எந்த ஆண்டு விதிப்படி அளந்தார் என்பதும் சொல்லப்பட வேண்டும். குளோபல் என்கேப் 2022 ஜூலையில் தன் விதிகளைக் கடுமையாக்கியது. அதற்கு முன் பெற்ற 5-ஐயும் பின் பெற்ற 5-ஐயும் ஒரே தராசில் வைத்துப் பட்டியல் போடும் செய்திகள் இன்றும் வருகின்றன. இதற்கு மேலும் ஒரு பாடம் உண்டு. மேலே சொன்ன அதே ஸ்கார்ப்பியோ, 2023 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் ஆன்கேப் அமைப்பிடம் பூஜ்ய நட்சத்திரம் பெற்றது. மோதலைத் தானே உணர்ந்து பிரேக் போடும் வசதி போன்றவற்றை அந்த அமைப்பு எதிர்பார்க்கிறது. அவை அந்த வண்டியில் இல்லை. இங்கே 5, அங்கே 0. இரண்டும் சரியான மதிப்பீடுகளே. அளந்த பொருள்தான் வேறு. "5 ஸ்டார் பாதுகாப்பு" என்று மொட்டையாக எழுதுபவர் எதைச் சொல்கிறார்?

காணொலி மதிப்புரைகளில் ஒரு சடங்கு உண்டு. காரின் கதவைத் திறந்து ஓங்கிச் சாத்துவார்கள். கனத்த ஓசை எழுந்தால் "பில்ட் குவாலிட்டி அருமை, இரும்புக் கோட்டை" என்பார்கள். தகட்டை விரலால் தட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. மோதலில் உயிரைக் காப்பது வெளித்தகடன்று. உள்ளே இருக்கும் சட்டகமும், ஏர்பேக்கும், சீட் பெல்ட்டும் சேர்ந்துதான். 2014 சோதனையில் போலோ, ஃபிகோ ஆகியவற்றின் சட்டகம் நிலைத்து நின்றது. ஆனாலும் ஏர்பேக் இல்லாததால் பூஜ்யமே கிடைத்தது. இரண்டு ஏர்பேக் பொருத்திய போலோ 4 நட்சத்திரம் பெற்றது. கதவோசையில் இந்த வேறுபாடு கேட்குமா? ஓசையை வைத்துக் காரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது, தட்டிப் பார்த்துத் தேங்காய் வாங்கும் முறை.

அண்மைக் காலத்தில் 'லெவல் 2' என்ற தொடர் புகுந்திருக்கிறது. தடம் விலகாமல் பிடித்துக்கொள்வது, முன்னே செல்லும் வண்டிக்கேற்ப வேகத்தைக் குறைப்பது போன்ற உதவிகள் கொண்ட கார்களை "லெவல் 2 தானியங்கி கார்" என்று எழுதுகிறார்கள். அமெரிக்கப் பொறியாளர் அமைப்பான எஸ்.ஏ.இ. வகுத்த தரவரிசையில் 0 முதல் 5 வரை ஆறு நிலைகள். இரண்டாம் நிலை வரை வண்டியை ஓட்டுபவர் மனிதரே. கருவி துணை மட்டும். சாலையிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. ஆக, "தானியங்கி" என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை. ஓடும் காரில் கையை எடுத்துவிட்டு, காலை மடக்கி அமர்ந்து படம் பிடித்து வெளியிட்ட இந்திய ஓட்டுநர்களை நாடே பார்த்தது. அவர்கள் அந்தத் துணிவை எந்தச் சொல்லிலிருந்து பெற்றார்கள்? முழுத் தானோட்டம் என்று பெயர் சூட்டிய டெஸ்லா நிறுவனமே 2024-இல் அந்தப் பெயரோடு "கண்காணிப்புக்கு உட்பட்டது" என்ற அடைமொழியைச் சேர்த்துக்கொண்டது. நிறுவனம் சேர்த்த அடைமொழியையும் செய்தி விட்டுவிடுகிறது.

இந்த நிலைமைக்குச் சோம்பல் மட்டும் காரணமன்று. புதிய காரை ஓட்டிப் பார்க்கும் நிகழ்ச்சி உதய்ப்பூரிலோ, கோவாவிலோ, மலைவாழிடத்திலோ நடக்கிறது. விமானச் சீட்டு, விடுதி, உணவு எல்லாம் நிறுவனத்தின் செலவு. கையில் தரப்படுவது உச்ச வகைக் கார். ஓட்டுவது சில மணி நேரம். எழுதியதை எந்த நாளில், எந்த மணிக்கு வெளியிடலாம் என்பதை நிறுவனம் முன்கூட்டியே குறித்துவிடுகிறது. அந்த மணியில் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியிடுகிறார்கள். பத்து நிமிடம் பிந்தினாலும் பார்வையாளர் போய்விடுவர். நிறுவனம் தந்த அறிக்கையின் சொற்களே எல்லாவற்றிலும் ஒலிப்பதில் வியப்பென்ன? கடுமையாக எழுதியவருக்கு அடுத்த அழைப்பு வராமல் போகலாம் என்ற அச்சமும் உண்டு. கார் வாங்க விரும்புவோரின் தொலைபேசி எண்ணைத் திரட்டி டீலர்களுக்குத் தருவதையே வருமானமாகக் கொண்ட தளங்கள், வாங்காதே என்று எழுதும் என எதிர்பார்ப்பது பேதைமை.

எல்லோரும் அப்படியல்லர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். டேங்கை விளிம்புவரை நிரப்பி, நகரிலும் நெடுஞ்சாலையிலும் தனித்தனியே ஓட்டி, மீண்டும் நிரப்பி, கிடைத்த மைலேஜை உள்ளபடி வெளியிடும் இதழ்கள் நாட்டில் உண்டு. ஆய்வுக்கூட எண்ணையும் தாம் கண்ட எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போடுகிறார்கள். செலவும் நேரமும் பிடிக்கும் வேலை அது. அறிமுக நாளன்று வரும் கூச்சலில் அந்த எண் கேட்பதில்லை. இரண்டு வாரம் கழித்து வருகிறது. அதற்குள் முன்பதிவு முடிந்துவிடுகிறது.

சட்டம் என்ன செய்கிறது? 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கு முதல் முறை 10 லட்சம், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்க வகை செய்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், கூற்று எந்த மொழியில் உள்ளதோ அதே மொழியில் விளக்கக் குறிப்பும் இருக்க வேண்டும் என்கின்றன. 2023 ஜனவரியில் சமூக ஊடகப் பிரபலங்களுக்கென வந்த நெறிகள், பணம் மட்டுமன்றி இலவசப் பயணம், விடுதித் தங்கல் ஆகியவற்றையும் பார்வையாளருக்கு வெளிப்படையாகச் சொல்லச் சொல்கின்றன. எல்லாம் சரி. ஆனால் இவை யாவும் விளம்பரத்தையும் பரிந்துரையையும் பிடிக்கும் வலைகள். "இது செய்தி" என்று சொல்லிக்கொள்வது அந்த வலையின் கண்ணில் நழுவிவிடும். செய்தியை அரசு அதிகாரி தணிக்கை செய்ய வேண்டும் என்று எவரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது.

அந்த வேலைக்கு இதழியலின் சொந்த விதிகள் உண்டு. இந்திய பத்திரிகை கவுன்சில் நிதித்துறைச் செய்தியாளர்களுக்கென 1996-இல் வகுத்த நெறிகளில் ஒன்று மிகத் தெளிவானது: நிறுவனத்தின் செலவில் அதன் இடங்களுக்குச் சென்று எழுதுபவர், அந்தப் பயணத்தை நிறுவனமே ஏற்பாடு செய்தது, விருந்தோம்பலும் அளித்தது என்பதைத் தவறாமல் குறிப்பிட வேண்டும். கார் செய்தியாளர் நிதிச் செய்தியாளர் அல்லர் என்று வாதிடலாம். வாடிக்கையாளர் செலவிடுவது நிதிதானே! கவுன்சிலின் அதிகாரம் அச்சுப் பத்திரிகைகளோடு நின்றுவிடுகிறது. 2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகள் அந்த நெறிகளை இணையச் செய்தி நிறுவனங்களுக்கும் பொருத்த முயன்றன. அரசின் பிடி அதில் மிகுதி என்ற நியாயமான எதிர்ப்பு எழுந்து, விதியின் அந்தப் பகுதிக்கு 2021 ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் இத்தகைய வழக்குகளை உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றத்துக்கு மாற்றியது.

நீதிமன்றம் என்ன சொன்னாலும், ஆசிரியர் குழு ஒன்று இன்றே செய்துகொள்ளக்கூடியது சில சொற்களில் அடங்கும். எண்ணுக்குப் பின் "வரை". கூற்றுக்குப் பின் "என நிறுவனம் கூறுகிறது". விலைக்கு முன் எந்த வகைக்கு உரியது என்ற குறிப்பு. ஸ்டாருக்கு முன் சோதித்தவர் பெயரும் ஆண்டும், பெரியவர்க்கு எத்தனை, குழந்தைக்கு எத்தனை என்பதும். கட்டுரையின் அடியில், "ஓட்டிப் பார்க்கும் பயணச் செலவை நிறுவனம் ஏற்றது" என்று ஒரு வரி. இவற்றுக்குத் தலைப்பில் இடமில்லை என்று சொல்பவர்கள், அதே தலைப்பில் "அதிரடி", "மிரட்டல்", "பட்டையைக் கிளப்பும்" ஆகிய மூன்றுக்கும் இடம் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.